அடிமண்டும் கசடும் ஆற்றின் உயிரும்

நகரக் கழிவுநீரின் வரலாறு: இரண்டாம் படிவுத் தொட்டி

இத்தொடரின் முந்தைய பகுதி, கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களைப் பெருக்கி, நீரில் கரைந்திருக்கும் அழுக்கை அவற்றுக்கு உணவாக்கும் முறை தோன்றிய விதத்தை விளக்கியது. அம்முறையின் வரலாறு பெரும்பாலும் காற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. காற்றை ஊதும் பொறிகளுக்கும் அவை உண்ணும் மின்சாரத்துக்கும் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கும் நூல்கள், காற்றூட்டிய நீரை ஓயவிட்டுக் கசட்டைப் பிரிக்கும் தொட்டியைச் சில பத்திகளில் கடந்துவிடுகின்றன. நுண்ணுயிர்கள் அழுக்கை உண்டு முடித்ததும் நீர் தூய்மையாகிவிடுவதில்லை. கரைந்திருந்த அழுக்கு நுண்ணுயிரின் உடலாக உருமாறி, பழுப்பு நிறத் துகள்திரளாக அதே நீரில் மிதந்துகொண்டிருக்கிறது; அத்திரள் பிரிக்கப்படாமல் ஆற்றுக்குச் சென்றால், நிலையத்தில் நடந்த வேலை முழுவதும் ஆற்றில் மீண்டும் அழுகலாகத் திரும்பிவிடும். அந்தப் பிரிவினை நடக்கும் இடமே இரண்டாம் படிவுத் தொட்டி. பணியிடங்களில் ‘செகண்டரி கிளாரிஃபையர்’ என்று வழங்கும் இத்தொட்டியின் வரலாற்றையும் இயக்கத்தையும், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் நில, நீர் நிலைமைகளை முன்வைத்து இப்பகுதி ஆராய்கிறது.

வறண்ட ஆறுகளும் 1912ஆம் ஆண்டின் கணக்கும்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது; அதிலிருந்து 2001இல் அரியலூர் தனி மாவட்டமாகி, அடுத்த ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் நிலையாகப் பிரிந்தது. வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் எல்லைகளாக அமைய, இடைப்பட்ட மேட்டு நிலத்தின் நீரைப் பச்சைமலையில் தோன்றும் மருதையாறும் சிற்றோடைகளும் வடித்துச் செல்கின்றன. இவற்றுள் மருதையாறு போன்றவை வடகிழக்குப் பருவமழையை நம்பி ஓடுபவை; ஆண்டின் பெரும்பகுதியில் அவற்றின் மணல் காய்ந்தே கிடக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெரம்பலூர் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 50 ஆயிரம், அரியலூர் நகரினது ஏறத்தாழ 29 ஆயிரம். இரு தலைநகரங்களுக்கும் பாதாளச் சாக்கடைத் திட்டம் இந்த நூற்றாண்டில்தான் வந்தது. அதற்கு முன்பு வீட்டுக் கழிவு செப்டிக் தொட்டிகளிலும் திறந்த வாய்க்கால்களிலும் சிதறி ஒடுங்கியது. குழாய்கள் அமைந்த பின் அது ஓரிடத்தில் திரள்கிறது. திரளும் நீரைச் சுத்திகரித்து விடும் இடத்தில், அதை ஏற்றுக் கலந்துகொள்ளும் ஆற்று நீர் பெரும்பாலான மாதங்களில் இருப்பதில்லை.

இந்த நிலைமையின் கனத்தை உணர, உலகெங்கும் கழிவுநீர்த் தர நிர்ணயத்துக்கு முன்மாதிரியான ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 1898இல் அமைக்கப்பட்ட கழிவுநீர் அகற்றல் பற்றிய அரச ஆணையம், 1912இல் வெளியிட்ட தன் எட்டாம் அறிக்கையில், சுத்திகரித்த நீரில் மிதக்கும் திண்மம் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கும், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 20 மில்லிகிராமுக்கும் மிகாமல் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்பது, நீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் ஐந்து நாட்களில் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு. அழுக்கின் அளவுகோலாக அது கொள்ளப்படுகிறது. இந்த 20 என்னும் எண்ணுக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருந்தது. ஆற்று நீரில் இத்தேவை 4 மில்லிகிராமைத் தாண்டினால் ஆறு கெடத் தொடங்கும் என்று ஆணையம் கண்டிருந்தது. 2 மில்லிகிராம் தேவையுடைய தூய ஆற்றுநீர் எட்டுப் பங்குடன் 20 மில்லிகிராம் தேவையுடைய கழிவுநீர் ஒரு பங்கு கலந்தால், கலவையின் தேவை சரியாக 4 என அமையும். ஆகவே அந்தத் தரம், எட்டு மடங்கு நீர் ஓடும் ஆற்றை முன்னமே கணக்கில் எடுத்துக்கொண்ட தரம். மருதையாற்றின் பங்குனி, சித்திரை மாதப் படுகையில் அந்த எட்டுப் பங்கு கிடையாது. அங்கே விடப்படும் நீர் 20 ஆகவே நிற்கும், அதாவது ஆறு தாங்கும் அளவைப் போல ஐந்து மடங்கு. வறண்ட மாவட்டத்தில் சுத்திகரிப்பு நிலையத்தை விட்டு வெளியேறும் நீரே ஆறாகிவிடுவதால், அந்த நீரின் தெளிவை இறுதியாக முடிவு செய்யும் தொட்டிக்கு ஈரநாடுகளில் இல்லாத பொறுப்பு இங்கே சேர்கிறது.

ஒரே குப்பியில் தொடங்கிய முறை

காற்றூட்டிய கசட்டு முறையின் பிறப்பிடம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரம். அந்நகராட்சியின் ஆலோசகராக இருந்த வேதியியலர் கில்பர்ட் ஃபவுலர், 1912இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் ஆய்வு நிலையத்தில் கழிவுநீருக்குக் காற்றூட்டும் சோதனைகளைப் பார்த்துத் திரும்பினார். அவருடைய தூண்டுதலில் டேவிஹூம் சுத்திகரிப்பு நிலையத்தில் எட்வர்டு ஆர்டன், வில்லியம் லாக்கெட் ஆகிய இருவரும் ஒளிபுகாமல் மூடிய குப்பிகளில் கழிவுநீரை நிரப்பிக் காற்றைச் செலுத்தினர். முதல் நிரப்பில் நீர் முழுமையாகத் தூய்மையாக ஏறத்தாழ ஐந்து வாரங்கள் பிடித்தன. அதன்பின் அவர்கள் செய்ததுதான் அதுவரை மற்றவர்கள் செய்யாதது: காற்றை நிறுத்திக் கசட்டைப் படியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வடித்து, படிந்த கசட்டைக் குப்பியிலேயே வைத்துக்கொண்டு புதிய கழிவுநீரை ஊற்றினர். ஒவ்வொரு சுற்றிலும் கசடு கூடக் கூட, வாரங்கள் நாட்களாகவும் நாட்கள் மணிகளாகவும் குறைந்தன. 1914 ஏப்ரல் 3ஆம் நாள் மான்செஸ்டரில் கூடிய வேதித் தொழில் சங்கக் கூட்டத்தில் இருவரும் இம்முடிவுகளை வாசித்தனர்.

காற்றூட்டும் சோதனைகள் 1914க்கு முன்பும் பல நடந்திருக்கின்றன. அவை பயன்தராமல் நின்றதற்குக் காரணம், காற்றில் வளர்ந்த உயிர்த்திரளை ஒவ்வொரு முறையும் நீரோடு வெளியேற்றிவிட்டதுதான். ஆகவே ஆர்டனும் லாக்கெட்டும் கண்டடைந்ததன் மையம், கசட்டைப் படியவைத்துக் காத்துக்கொள்வதில் இருந்தது. காற்றூட்டலும் படிவும் ஒரே குப்பியில் மாறி மாறி நடந்ததால், உலகின் முதல் இரண்டாம் படிவுத் தொட்டி தனித் தொட்டியாக இருக்கவில்லை. ஒரு நகரத்தின் கழிவுநீர் இரவும் பகலும் நிற்காமல் வருவது. நிரப்பு, காற்றூட்டு, ஓயவிடு, வடி என்னும் சுழற்சியைக் கையால் வால்வுகளைத் திருப்பியே நடத்த வேண்டியிருந்த அக்காலத்தில் அது பெருஞ்சுமையானது. எனவே இரண்டு வேலைகளும் இரண்டு தொட்டிகளாகப் பிரிக்கப்பட்டன. 1916இல் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் தொடர் ஓட்டத்தில் இயங்கும் நிலையம் அமைந்தது. 1925இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் மிகப்பெரிய அளவில் அதைச் செய்து காட்டியது. காற்றூட்டும் தொட்டியிலிருந்து வழியும் கலவை நீர் படிவுத் தொட்டியில் ஓய்வதும், படிந்த கசட்டைப் பம்பு வழியே காற்றூட்டும் தொட்டிக்கே திருப்பி அனுப்புவதும் அன்று முதல் இம்முறையின் இலக்கணமாயின. திருப்பி அனுப்பப்படும் அதுவே மீள்கசடு.

பெங்களூரில் நுண்ணோக்கியின் கீழ்

இவ்வரலாற்றின் அடுத்த அதிகாரம் தமிழகத்துக்கு அருகே எழுதப்பட்டது. 1916இல் ஃபவுலர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். மான்செஸ்டரில் தொடங்கிய முறையை வெப்பநாட்டுச் சூழலில் ஆராயும் மரபு அவ்வழியே அக்கழகத்தில் வேரூன்றியது. ஜாம்ஷெட்பூர் எஃகு நகரத்தில் அமைந்த நிலையம் இந்தியாவில் இம்முறையைக் கைக்கொண்ட தொடக்ககால நிலையங்களுள் ஒன்று. ஃபவுலருக்குப் பின் உயிர்வேதியியல் துறையை நடத்திய வி. சுப்பிரமணியன், பின்னாளில் மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநராகப் புகழ்பெற்றவர். அவரும் எஸ். சி. பிள்ளையும் 1942இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட குறிப்பு, காற்றூட்டிய கசட்டில் ஒருசெல் உயிர்களான புரோட்டோசோவாக்களின் பங்கைப் பற்றியது.

பாக்டீரியாக்களே எல்லா வேலையையும் செய்கின்றன என்று கருதப்பட்ட காலத்தில், காம்பினால் கசட்டுத் திரளில் ஒட்டிக்கொண்டு கூட்டமாக வாழும் எபிஸ்டைலிஸ் போன்ற உயிர்கள் நீரைத் தெளிவாக்குவதில் முதன்மையான பங்கு வகிப்பதாக அவர்கள் வாதிட்டனர். தனித்து மிதக்கும் பாக்டீரியா மிகச் சிறியது; அது தானாகப் படியாது. அத்தகையவற்றை இவ்வுயிர்கள் உண்டு தீர்ப்பதாலும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதற்கு இவை துணைசெய்வதாலும் மேல்நீர் தெளிகிறது. புரோட்டோசோவாக்களின் பங்கு எவ்வளவு என்பது குறித்துப் பின்னர் விவாதங்கள் எழுந்தபோதிலும், அவை நிறைந்த கசடே தெளிந்த நீரைத் தரும் என்பது இன்று நிலையங்களில் அன்றாட நடைமுறையாகிவிட்டது: நுண்ணோக்கி உள்ள நிலையங்களில் ஒரு துளிக் கசட்டை வைத்து, காம்புடைய உயிர்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது கசட்டின் நலனை அறியும் வழியாகக் கொள்ளப்படுகிறது. படிவுத் தொட்டியின் வெற்றி தொட்டிக்குள் நுழைவதற்கு முன்பே, திரள் கட்டும் உயிர்களின் கூட்டத்தில் பாதி முடிவாகிவிடுகிறது என்பதே பெங்களூர் ஆய்வுகள் விட்டுச்சென்ற பாடம்.

சுரங்கத்திலிருந்து வந்த அறிவு

கசடு படியும் விதத்தைக் கணக்கில் அடக்கும் முயற்சி வேறு திசைகளிலிருந்து வந்தது. தனித்துகள் ஒன்று அசையாத நீரில் எவ்வளவு வேகத்தில் இறங்கும் என்பதை 1851இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் கணித்துக் கூறினார்: துகளின் விட்டத்தின் வர்க்கத்துக்கும் அடர்த்தி வேறுபாட்டுக்கும் ஏற்ப வேகம் கூடும், நீரின் பாகுநிலை கூடினால் வேகம் குறையும். 1904இல் அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஹேசன், படிவுத் தொட்டியின் திறனை முடிவு செய்வது அதன் மேற்பரப்பு என்று நிறுவினார். ஒரு நாளில் வழியும் நீரின் கன அளவைத் தொட்டியின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது நீர் மேலெழும் வேகம். அதைவிட வேகமாக இறங்கும் துகள் படியும், மெதுவாக இறங்கும் துகள் நீரோடு வெளியேறும். இந்த வகுத்தல் ஈவு இன்று மேற்பரப்புச் சுமை எனப்படுகிறது.

ஆனால் உயிர்க்கசடு தனித்தனித் துகள்களாக இறங்குவதில்லை. அடர்ந்த கலவையில் துகள்கள் ஒன்றையொன்று தடுத்துப் பின்னி, முழுப் படலமாகக் கீழிறங்குகின்றன. மேலே தெளிந்த நீரும் கீழே கசடும் கூர்மையான எல்லைக்கோட்டோடு பிரிகின்றன. இதே நிகழ்வைத் தாதுச் சுரங்கத் தொழில் ஏற்கெனவே எதிர்கொண்டிருந்தது. அரைத்த தாதுச் சேற்றிலிருந்து நீரைப் பிரிக்க, அமெரிக்காவின் தெற்கு டகோட்டா தங்க ஆலைகளில் ஜான் டோர் என்பவர், வட்டத் தொட்டியின் நடுவிலிருந்து மெல்லச் சுழன்று அடிச்சேற்றை மையக்குழிக்கு இழுக்கும் கரங்களை 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் உருவாக்கினார். இன்று சுத்திகரிப்பு நிலையங்களில் சுழலும் ஸ்கிரேப்பர் அதன் வழித்தோன்றல். 1916இல் கோ, கிளெவெஞ்சர் ஆகிய இருவர், அத்தகைய தொட்டிக்கு நீரைத் தெளிவிக்க ஒரு பரப்பும், கசட்டை இறுக்க மற்றொரு பரப்பும் தேவை என்றும், இரண்டில் பெரியதையே தொட்டிக்குக் கொள்ள வேண்டும் என்றும் காட்டினர். 1952இல் கிஞ்ச் என்னும் கணிதவியலர், படலம் இறங்கும் வேகம் அந்தந்த இடத்தின் அடர்த்தியை மட்டுமே சார்ந்தது என்ற ஒரே எடுகோளிலிருந்து முழுக் கோட்பாட்டையும் வருவித்தார். ஒரு சதுர மீட்டர் வழியே ஒரு நாளில் எத்தனை கிலோ திண்மம் கீழிறங்க முடியும் என்னும் திண்மச் சுமைக் கணக்கு இந்த வழியில் பிறந்தது.

1945இல் சிகாகோவின் நார்வல் ஆண்டர்சன் மற்றொரு உண்மையை எடுத்துக்காட்டினார். காற்றூட்டிய கலவை தெளிந்த நீரைவிடச் சற்றே கனமானது என்பதால், தொட்டியின் மையத்தில் நுழைந்ததும் அது அடிக்கு விழுந்து, தரையை ஒட்டியே ஓடி, சுற்றுச்சுவரில் மோதி மேலேறுகிறது. சுவரின் விளிம்பிலேயே வழிந்தோடும் வாய்க்கால் இருந்தால், ஏறிவரும் கசடு நேரே அதில் விழுந்துவிடும். நீர் தொட்டியில் சீராகப் பரவும் என்று காகிதத்தில் கொண்ட கணிப்பு தவறியது இங்கேதான். மையத்தில் வேகத்தைத் தணிக்கும் உருளைத் தடுப்பும், சுவரோரத்தில் எழும் ஓட்டத்தைத் திருப்பும் தடுப்புப் பலகையும், கூடுதல் ஆழமும் பிற்காலத் தொட்டிகளில் இடம்பெற்றதற்கு இதுவே காரணம்.

37 ஆயிரம் பேருக்கு ஒரு தொட்டி

இந்தியாவில் இவ்வகைக் கணக்குகளுக்கு வழிகாட்டுவது மத்தியப் பொதுச் சுகாதாரம், சுற்றுச்சூழல் பொறியியல் அமைப்பின் கையேடு. 1993ஆம் ஆண்டுப் பதிப்புக்குப் பின் 2013இல் அது விரிவாகத் திருத்தி வெளியிடப்பட்டது. தமிழகத்தில் 1971இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் முதலான அமைப்புகளின் திட்டங்கள் இதையொட்டியே வகுக்கப்படுகின்றன. அக்கையேட்டின் வழியில், பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட அளவில் 37 ஆயிரம் பேர் வாழும் ஊர் ஒன்றை எடுத்துக்கொண்டால், தொட்டியின் உருவம் எண்களிலிருந்து எழுவதைக் காணலாம்.

ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் வழங்கப்பட்டு, அதில் 80 விழுக்காடு சாக்கடைக்கு வருமானால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 லட்சம் லிட்டர், அதாவது 4,000 கன மீட்டர் கழிவுநீர் சேரும். காற்றூட்டிய கசட்டு முறையின் இரண்டாம் படிவுத் தொட்டிக்குச் சராசரி மேற்பரப்புச் சுமை நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 15 முதல் 35 கன மீட்டர் வரையிலும், உச்ச ஓட்டத்தில் 50 வரையிலும் கொள்ளப்படுகிறது. 20 எனக் கொண்டால் 200 சதுர மீட்டர் பரப்பு, அதாவது 16 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டி தேவை. சிறு நகரங்களில் காலை வேளையில் ஓட்டம் சராசரியைப் போல இரண்டரை மடங்கு ஏறக்கூடும். அப்போது சுமை 50ஐத் தொடும். வழிகாட்டி அனுமதிக்கும் எல்லை அதுவே என்பதால், இந்த ஊருக்கு 20க்கு மேலான எண்ணைத் தேர்வது காலைதோறும் கசட்டை வழியவிடுவதற்கு ஒப்பாகும்.

அடுத்தது திண்மச் சுமை. காற்றூட்டும் தொட்டியில் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் கசடு இருந்து, மீள்கசடு கழிவுநீரில் பாதி அளவு ஓடினால், நாள்தோறும் 6,000 கன மீட்டர் கலவை 18,000 கிலோ திண்மத்தைப் படிவுத் தொட்டிக்குக் கொண்டுவரும். சதுர மீட்டருக்கு 90 கிலோ. கையேட்டின் சராசரி வரம்பான 70 முதல் 140 கிலோவுக்குள் இது அடங்குகிறது. ஆழம் மூன்றரை மீட்டர் எனில் கொள்ளளவு 700 கன மீட்டர். நீர் தொட்டியில் தங்கும் நேரம், மீள்கசட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், மூன்று மணிக்குச் சற்றே குறைவு. தரை மையக்குழியை நோக்கிச் சரிந்திருக்க, ஸ்கிரேப்பர் கரங்கள் மணிக்கு ஓரிரு சுற்று என்னும் அளவில் மெல்லச் சுழலும். வேகம் கூடினால் படிந்த கசடு கலங்கிவிடும்.

தொட்டியின் விளிம்பில் நீர் வழிவதற்கு, ‘வி’ வடிவ வெட்டுகள் கொண்ட தகடு பொருத்தப்படுகிறது. 50 மீட்டர் சுற்றளவில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு என வைத்தால், சராசரி ஓட்டத்தில் ஒவ்வொரு வெட்டிலும் நீரின் உயரம் 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் இருக்கும். பெரம்பலூர் வட்டாரத்தில் பரவலாக உள்ள கரிசல் மண், மழையில் உப்பி வெயிலில் சுருங்கி வெடிக்கும் இயல்புடையது. அத்தகைய மண்ணில் போதிய அடித்தளமின்றி நின்ற தொட்டி ஒரு பக்கம் 5 மில்லிமீட்டர் தாழ்ந்து மறுபக்கம் அதே அளவு உயர்ந்தால், தாழ்ந்த பக்கத்து வெட்டு உயர்ந்த பக்கத்து வெட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீரைக் கடத்தும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வினால் நீர் முழுவதும் ஒரு புறமாக இழுக்கப்பட்டு, அந்தப் பக்கத்தில் கசடும் மேலே ஏறும். மண்ணை அகற்றி நிரப்புவதற்கும் அடித்தளத்தை ஆழப்படுத்துவதற்கும் செலவிடும் பணம் இங்கே நேரடியாக நீரின் தெளிவாக மாறுகிறது. பின்னர் தகட்டை மேலும் கீழும் நகர்த்திச் சமன் செய்யும் திருகுகள் இருப்பதும், ஆண்டுதோறும் மழைக்குப் பின் மட்டம் பார்ப்பதும் அதே காரணத்தால் இன்றியமையாதவை.

அரைமணி நேரச் சோதனை

தொட்டி எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டாலும், அதை நாள்தோறும் நடத்துவது ஆபரேட்டரின் கணிப்பு. அவர் கையிலுள்ள முதன்மையான கருவி ஒரு லிட்டர் அளவுள்ள கண்ணாடி உருளை. காற்றூட்டும் தொட்டியின் கலவையை அதில் நிரப்பி, 30 நிமிடம் அசையாமல் வைத்து, கசடு எத்தனை மில்லிலிட்டருக்கு இறங்கியது என்று பார்ப்பதே சோதனை. அந்த எண்ணைக் கசட்டின் எடையால் வகுத்து, ஒரு கிராம் கசடு எவ்வளவு இடம் அடைக்கிறது என்று சொல்லும் முறையை 1934இல் சிகாகோவின் மோல்மன் வகுத்தார். அது கசட்டுக் கன எண் எனப்படுகிறது. லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் உள்ள கலவை 300 மில்லிலிட்டருக்கு இறங்கினால் எண் 100. 600இல் நின்றுவிட்டால் எண் 200.

இந்த எண் இரட்டிப்பாவதன் விளைவு தொட்டி முழுவதையும் தொடுகிறது. எண் 100 எனில் கசடு ஏறத்தாழ லிட்டருக்கு 10,000 மில்லிகிராம் வரை இறுகும். காற்றூட்டும் தொட்டியில் 3,000ஐத் தக்கவைக்கக் கழிவுநீரில் 43 விழுக்காடு மீள்கசடு போதும். எண் 200 ஆனால் கசடு 5,000 வரைதான் இறுகும். அதே 3,000ஐக் காக்க 150 விழுக்காடு திருப்ப வேண்டியிருக்கும். அப்போது மேலே கண்ட 16 மீட்டர் தொட்டியின் திண்மச் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோவாக ஏறி, சராசரி வரம்பை மீறிவிடும். இழை வடிவ நுண்ணுயிர்கள் மிகுந்து கசட்டுத் திரள் பஞ்சுபோல் விரியும் இந்நிலை, உப்பிய கசடு எனப்படுகிறது. காற்றூட்டும் தொட்டியில் ஆக்சிஜன் குறைவதும், உணவு மிகக் குறைவதும், அழுகிய கழிவுநீர் வருவதும் இதற்குக் காரணங்கள். பாதாளச் சாக்கடை இணைப்பில்லாத வீடுகளின் செப்டிக் கசட்டை லாரிகள் நிலையத்துக்குக் கொண்டுவந்து ஒரேயடியாகக் கொட்டினால், அழுகலும் திண்மச் சுமையும் ஒருசேர வந்து தாக்கும். தனித் தொட்டியில் வாங்கி, இரவின் குறைந்த ஓட்டத்தில் சிறிது சிறிதாகக் கலப்பதே அதைத் தாங்கும் வழி.

வெப்பம் இம்மாவட்டங்களில் துணையாகவும் இடராகவும் நிற்கிறது. நீரின் வெப்பநிலை 10 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு உயரும்போது அதன் பாகுநிலை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைகிறது. ஸ்டோக்ஸ் விதிப்படி துகள் அதற்கேற்ப விரைந்து இறங்கும். குளிர்நாட்டில் வகுத்த பரப்பு இங்கே சற்றுத் தாராளமாகவே அமையும். ஆனால் அதே வெப்பத்தில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் செழிக்கின்றன. அந்த நைட்ரேட்டோடு கசடு தொட்டியின் அடியில் நெடுநேரம் தங்கினால், ஆக்சிஜன் தீர்ந்த கசட்டுப் படலத்தில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். நுண்குமிழிகள் ஒட்டிக்கொண்ட கசடு கட்டி கட்டியாக மேலே எழும்பி, நன்றாகப் படிந்த கசடே விளிம்பைத் தாண்டி ஓடும். உருளைச் சோதனையில் அரைமணியில் அழகாகப் படிந்த கசடு, ஒன்றிரண்டு மணி கழித்து மேலே எழுந்தால், நோய் இதுவே என்று அறியலாம். உப்பிய கசட்டுக்கும் எழும்பிய கசட்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றாகவே இருந்தாலும் மருந்து வேறு: முன்னதற்குக் காற்றூட்டும் தொட்டியின் நிலைமையைத் திருத்த வேண்டும், பின்னதற்குக் கசட்டைத் தொட்டியில் தங்கவிடாமல் விரைந்து எடுக்கவும், மிகைக் கசட்டைத் தவறாமல் வெளியேற்றவும் வேண்டும். தொட்டியின் அடியில் கசட்டுப் படலம் எவ்வளவு தடித்திருக்கிறது என்பதை ஒளிபுகும் குழாயை இறக்கி நாள்தோறும் அளப்பது, இந்த இரண்டையும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலைமை மறுபடி மாறுகிறது. ஆட்புழை மூடிகள் வழியே மழைநீர் பாதாளச் சாக்கடைக்குள் புகுந்து ஓட்டம் திடீரெனப் பெருக, காற்றூட்டும் தொட்டியிலுள்ள கசடு மொத்தமாகப் படிவுத் தொட்டிக்குத் தள்ளப்பட்டு, படலம் மணிக்கு மணி உயரும். பல மாதங்களில் வளர்த்த கசட்டை ஒரே இரவில் இழக்க நேரலாம். மழைக்காலத்துக்கு முன்பே கலவையின் கசட்டளவைக் குறைத்து வைப்பதும், மின்தடையில் மீள்கசட்டுப் பம்பு நில்லாமல் ஜெனரேட்டர் ஏற்பாடு செய்வதும் இதற்கான முன்னெச்சரிக்கைகள்.

மீண்டும் ஒரே தொட்டி

மான்செஸ்டர் குப்பியில் தொடங்கிய நிரப்பி வடிக்கும் முறை 1970களுக்குப் பின் புதிய வடிவில் திரும்பி வந்தது. தானியங்கி வால்வுகளும் கணினிக் கட்டுப்பாடும் கைவந்தபின், ஒரே தொட்டியில் காற்றூட்டிப் படியவைத்து வடிக்கும் தொடர்தொகுதி முறை, பணியிட வழக்கில் எஸ்.பி.ஆர்., இந்தியாவின் பல புதிய நிலையங்களில் இடம்பெற்றுள்ளது. ஓட்டமே இல்லாத நீரில் கசடு படிவதால் ஆண்டர்சன் கண்ட அடியோட்டம் இதில் எழுவதில்லை. எனினும் படிவின் விதிகள் மாறுவதில்லை. கசட்டுக் கன எண் இரட்டித்தால் இங்கும் படலம் வடிகலத்தின் வாய்வரை எழும், வெப்பத்தில் நெடுநேரம் ஓய்ந்தால் இங்கும் வாயுக் குமிழி எழும். தனித் தொட்டி மறைந்தாலும், அத்தொட்டி கற்றுத்தந்த அறிவு தேவையாகவே இருக்கிறது.

சட்டமும் இதே திசையில் நகர்ந்திருக்கிறது. 2017 அக்டோபரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, பெருநகரங்கள் அல்லாத ஊர்களுக்கு மிதக்கும் திண்ம வரம்பை லிட்டருக்கு 100 மில்லிகிராம் என வைத்தது. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை 20ஆகக் கடுமையாக்கப் பணித்தது. நாளொன்றுக்கு 4,000 கன மீட்டர் நீர் விடும் ஊருக்கு முதல் வரம்பின் பொருள், உலர் எடையில் நாள்தோறும் 400 கிலோ கசடு ஆற்றுக்குப் போகலாம் என்பது. இரண்டாவதன் பொருள் 80 கிலோ. வெளியேறும் கசடு ஒவ்வொரு மில்லிகிராமும் தன் எடையில் ஏறத்தாழப் பாதி அளவு ஆக்சிஜன் தேவையைத் தன்னோடு கொண்டு செல்வதால், நீரில் கரைந்திருந்த அழுக்கை எவ்வளவு நன்றாக நீக்கினாலும், படிவு தவறிய நிலையத்தால் எந்த வரம்பையும் எட்ட முடியாது. மருதையாற்றுப் படுகையில் அந்த 320 கிலோ வேறுபாட்டைக் கழுவிச் செல்ல நீர் இல்லை. அது தேங்கிய குட்டைகளிலும் கீழுள்ள ஏரிகளின் வண்டலிலும்தான் சேரும்.

ஆகவே வறண்ட மாவட்டங்களின் நிலையங்களை மதிப்பிடும் முறையும் மாற வேண்டும். எத்தனை கோடி செலவானது, எத்தனை லட்சம் லிட்டர் கொள்ளளவு என்னும் எண்கள் நிலையம் திறக்கப்பட்ட நாளின் எண்கள். கசட்டுக் கன எண், கசட்டுப் படலத்தின் தடிமன், மீள்கசட்டின் விகிதம், வெளியேறும் நீரின் மிதக்கும் திண்மம் ஆகிய நான்கும் ஒவ்வொரு நாளின் எண்கள். கண்ணாடி உருளையும் ஒளிபுகும் குழாயும் பயின்ற கையும் இருந்தால் அவற்றைப் பதிவு செய்ய முடியும். நகராட்சி மன்றத்தின் முன் மாதந்தோறும் இந்த நான்கு எண்களும் வைக்கப்படுமானால், குடிநீருக்காகக் கொள்ளிடத்திலிருந்து மேட்டுநிலத்துக்கு இவ்வளவு பாடுபட்டு ஏற்றப்படும் நீர், பயன்பட்ட பின் எந்த நிலையில் மண்ணுக்குத் திரும்புகிறது என்பதை அந்த ஊர் மக்களே அறிந்து கேள்வி கேட்க முடியும். தொட்டியின் அடியில் சேர்ந்து, மீள்கசடாகத் திரும்பாமல் மிஞ்சும் பகுதியை உலர்த்தி நிலத்துக்கு உரமாக்கும் முயற்சிகளின் வரலாறு அடுத்த பகுதியில் விரிவாக எடுத்துக்கொள்ளப்படும்.